மலையேறிக்கொண்டிருந்த லோரி

அவர் கடையில் எந்தச் சாமானும் தீர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. தீர்ந்துபோன சாமானெல்லாம் மலையேறிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

மலாய் நாட்டு மலையூரான தானா ராத்தா கடைத்தெருவில், ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற முனையில் அவருடைய மளிகைக் கடை. அரிசி, உப்பு, கருவாடு, மண்ணெண்ணெய், தைலம், ஊசி, நூல், பட்டன் என்று எல்லாம் வைத்திருந்தார். தஞ்சாவூர்க் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம். கட்டம் போட்ட கைலி, முழுக்கைச் சட்டை, தலையில் கறுப்புத் தொப்பி. தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு அவர் வெறும் முதலாளி. யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

நான் அவருடைய லோரி ஓட்டி. கீழே தாப்பாவுக்குப் போய்ச் சரக்கு ஏற்றிக்கொண்டு, அந்த வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வருவேன். ஆகையால் சரக்கு எப்போது ஏறுகிறது, எப்போது ஏறவில்லை என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

உப்பு இல்லை, அரிசி இல்லை என்று கடைக்காரன் தன் வாயால் சொல்லக் கூடாது என்பது நம்முடைய கடைக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள வழக்கம். சொன்னால் கடைக்கு ஆகாது. மற்றவர்கள் அதை உப்போடும் அரிசியோடும் நிறுத்திக்கொண்டார்கள். இவர் பட்டன் வரைக்கும் கொண்டுபோனார். ஒரு பொம்பளை வந்து ஏதாவது கேட்டால், அது தீர்ந்து பத்து நாள் ஆகியிருந்தாலும் சரி, எழுந்து போய் டப்பாவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். பிறகு மெதுவாக மூடுவார்.

"வருது தங்கச்சி. லோரி ஏறிக்கிட்டிருக்கு. அடுத்த வாரம் வந்துடும்லா."

அந்த லோரி கடை வாசலில் நின்றுகொண்டிருக்கும். அதன் படியில் உட்கார்ந்து நான் பீடி குடித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போவாள். அவர் 'அடுத்த வாரம்' என்றால் வேறு கடை பார் என்று அர்த்தம் என்பது மலை முழுக்கத் தெரிந்த விஷயம். "இன்னைக்கு வெல்லம் மலையேறுதாம்டி" என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் பெண்கள் கேலி பேசுவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. கேட்டவளுக்கும் முகம் வாடாது, அவருக்கும் வாய் நோகாது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் பொட்டலம் போடுகிற மாதிரி கூம்பாகச் சுருட்டிக்கொண்டே இருப்பார். பேச்சு முடிந்ததும் பிரித்து நீவி, கல்லாவுக்கு அடியில் வைப்பார். கை சும்மா இருந்தால் அவருக்கு மூச்சு முட்டும் போலிருக்கும்.

ஜப்பான்காரன் மலையேறி வருவதற்கு முன்பே வெள்ளைக்காரத் துரைமார்கள் கீழே இறங்கி ஓடிவிட்டார்கள். கடைத்தெருவில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி சிப்பாய்களோடு ஒவ்வொரு கடையாக வந்து சவுக்காரம் கேட்டான், சீனி கேட்டான். மற்றவர்கள் பயத்தில் "தாக் அடா, துவான்" என்று கையை விரித்தார்கள். இல்லை ஐயா என்று அர்த்தம். ஒருவருக்குக் கன்னத்தில் விழுந்தது. எங்கள் முதலாளி மட்டும் எழுந்து போய், காலி டப்பாவைத் திறந்து பார்த்து, மூடிவிட்டு, "அடா, துவான். அடா" என்றார். இருக்கிறது ஐயா, இருக்கிறது. லோரி ஏறிக்கொண்டிருக்கிறது என்பதைக் கையாலேயே வளைவு வளைவாகக் காட்டினார்.

அவன் போனதும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. என்னைத் திரிங்காப்புக்கு விரட்டினார். அங்கே காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீனர் ஒருவரிடம் பதுக்கி வைத்த சவுக்காரம் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தேன். மறுநாள் அதிகாரி வந்து கேட்டபோது சவுக்காரம் மேசை மேல் இருந்தது. அவன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு முதலாளியின் தோளில் தட்டினான்.

அந்தத் தட்டலில்தான் அவர் அதிகாரியானார். கேட்டால் இருக்கிறது என்று சொல்கிற ஒரே ஆள் இந்த மலையில் இவன்தான் என்று ஜப்பான்காரன் முடிவு கட்டிவிட்டான். மாவட்ட அதிகாரியான வெள்ளைக்கார டி.ஓ. துரை உட்கார்ந்த ஆபீசில், அதே நாற்காலியில் இவரை உட்கார வைத்தார்கள். உணவுப் பங்கீடு, தோட்டங்களின் ஆள் கணக்கு, மலைக்கு மேலே யார் போகலாம் கீழே யார் இறங்கலாம், எல்லாம் அவர் கையில். அந்தப் பதவிக்கு ஜப்பான் பாஷையில் ஒரு பெயர் உண்டு. அது எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்கள் டி.ஓ. முதலாளி என்றே கூப்பிட்டோம். நான் அவருடைய கார் ஓட்டியானேன். பெட்ரோல் கிடையாது. பின்னால் கரி அடுப்பு கட்டிய கார். மேட்டில் ஏறும்போது சீக்காளி மாதிரி இருமும். இறங்கித் தள்ளினால்தான் ஏறும். டி.ஓ. முதலாளியும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவார்.

அந்த நாற்காலியில் அவர் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பார். யார் உள்ளே வந்தாலும், வாடிக்கைக்காரர் வந்த மாதிரி எழுந்துவிடுவார். கூலிக்காரன் வந்தாலும் எழுந்து நிற்கிற அதிகாரியை நம் ஆட்கள் எங்கே பார்த்திருக்கிறார்கள்? அவர்களும் உட்காராமல் இவரும் உட்காராமல் ஆபீசே நின்றுகொண்டிருக்கும். அரிசி கேட்டு வருவார்கள், மருந்து கேட்டு வருவார்கள், பையனை வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று கேட்டு வருவார்கள். எல்லாருக்கும் மேசை டிராயரை இழுத்து உள்ளே பார்ப்பார். பிறகு மெதுவாக மூடுவார்.

"வருது. அடுத்த வாரம் பாத்துடலாம்லா."

முதலில் சனங்களுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. அடிக்கிறவன், துப்புகிறவன் எல்லாம் அதிகாரியாக இருந்த காலத்தில், எழுந்து நின்று 'வருது' என்கிற ஒருவர் கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் கடையில் அந்த வார்த்தை கேட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். ஆபீசில் கேட்டால் எங்கே போவது? அடுத்த வாரம் மறுபடி வந்து நின்றார்கள். மழையில் நனைந்துகொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிரிஞ்சாங்கிலிருந்தும் அதற்கு மேலே இருந்தும் நடந்து வந்து நின்றார்கள். அந்தக் காலத்தை நினைத்தால் எனக்குச் சண்டையோ குண்டோ ஞாபகம் வருவதில்லை. அந்த வாசலில் நின்ற வரிசைதான் ஞாபகம் வருகிறது. இப்போதும் கால் கடுக்கிறது.

ஒரு தடவை நான் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"ஏன் முதலாளி, இல்லேன்னு சொல்லிட்டா அவங்க வேற வழி பாப்பாங்கல்ல?"

"வேற வழி எங்கடா தம்பி இருக்கு?" என்றார். கையில் ஏதோ சர்க்கார் தாள் கூம்பாகியிருந்தது. "வெறுங்கையோட அனுப்பலாம். வெறும் வாயோட எப்படி அனுப்புறது?"

நான் காருக்குக் கரி போடப் போய்விட்டேன்.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே அக்கா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். மச்சான் அதே தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். குள்ளமான, அதிகம் பேசாத மனிதர். ஜப்பான்காரன் வந்தபிறகு தேயிலைத் தொழிற்சாலை நாலு நாள் ஓடினால் பத்து நாள் கிடந்தது. மச்சான் லயத்துக்குப் பின்னால் சீனிக்கிழங்கு போட்டார். அந்தக் கிழங்கில்தான் எங்கள் இரண்டு வீடும் பிழைத்தன.

ஒரு நாள் கண்ணாடி அதிகாரி ஆபீசுக்கு வந்தான். சயாம் பக்கம் ரயில் ரோடு போடுகிறார்கள், தோட்டத்து ஆட்கள் வேண்டும் என்றான். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். முதலாளி எழுந்தார். டிராயரை இழுத்துப் பார்த்தார். 

"அடா, துவான்" என்றார். "மிங்கு டெப்பான்."

இருக்கிறார்கள் ஐயா, அடுத்த வாரம்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். நான் உள்ளே ஓடினேன்.

"என்ன முதலாளி இப்படிச் சொல்லிட்டீங்க? அவன் ஆளக் கேக்குறான், அரிசியையா கேட்டான்?"

"சத்தம் போடாதடா. இல்லேன்னா இங்கயே அறைவான். அடுத்த வாரம்னா போயிடுவான். அவனுக்கு ஆயிரம் சோலி இருக்கு. அவனும் மறந்துடுவான், நாமளும் மறந்துடலாம். எத்தன பேருக்குச் சொல்லியிருக்கேன், எவன் திரும்பி வந்து சட்டையப் பிடிச்சான்?"

அவர் அப்படித்தான் நம்பினார். அதை இன்று வரை நான் சந்தேகப்பட்டதில்லை. ஆயுள் முழுக்க நம்முடைய சனங்களிடம் வியாபாரம் செய்தவர். 'அடுத்த வாரம்' என்று சொன்னால் எதிரே நிற்பவருக்கு விஷயம் புரிந்துவிடும் என்று பழகியவர். ஜப்பான்காரன் நம் கடைத்தெருவில் சாமான் வாங்கி வளர்ந்தவன் இல்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த வாரம், அதே கிழமை, தாப்பாவிலிருந்து லோரிகள் ஏறி வந்தன.

காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வேலைக்கு வரிசையாக நிற்கிற நேரம். பனி இன்னும் விலகவில்லை. ஆபீசில் சொன்ன ஆட்கள் எங்கே என்று தேடி, யாரும் இல்லாததால், லோரிகள் நேரே தோட்டத்துக்கு வந்துவிட்டன. களத்தில் கிடைத்த ஆண்களை அப்படியே ஏற்றினார்கள். செய்தி கேட்டு நானும் முதலாளியும் காரைத் தள்ளியும் ஓட்டியும் வந்து சேர்ந்தபோது மச்சான் லோரியில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கவ்வாத்துக் கத்தி தொங்கியது. அதை ஒரு சிப்பாய் பிடுங்கிக் கீழே போட்டான்.

பொம்பளைகள் எல்லாம் முதலாளியைச் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்நிய ஆண்பிள்ளையின் கையை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை.

"நீங்கதானே முதலாளி பெரிய அதிகாரி? எறக்கிவிடச் சொல்லுங்க. மலைய விட்டு எறங்குனதே இல்ல அவரு. ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் போனார். நானும் பின்னாலேயே போனேன். அதிகாரி லோரியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் சிரித்தான். சொன்ன சொல் தவறாத ஆள் என்று மறுபடி தோளில் தட்டினான். இவர்கள் எல்லாருக்கும் போக விருப்பந்தானே என்று மலாயில் கேட்டான். இன்றைக்கும் அந்த நிமிஷம் எனக்கு அப்படியே இருக்கிறது. 'தாக்', இல்லை, என்ற ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அறை விழுந்திருக்கலாம். கழுத்தே போயிருக்கலாம், தெரியாது. முதலாளியின் வாய் திறந்தது.  கை சட்டைப் பையிலிருந்து ஏதோ தாளை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தது.

"எப்போ திரும்பி வருவாங்க, துவான்?" என்றுதான் கேட்டார்.

மூன்று மாதம் என்றான் அவன்.

அக்காவிடம் திரும்பி வந்து, "மூணு மாசந்தான் தங்கச்சி" என்றார். "வந்துடுவாரு. இதே லோரி ஏத்திக்கிட்டு வரும்லா."

லோரிகள் இறங்கின. பனிக்குள் சத்தம் மட்டும் ரொம்ப நேரம் வளைந்து வளைந்து கேட்டது. அக்கா கீழே கிடந்த கத்தியை எடுத்துச் சேலையில் துடைத்தாள்.

எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். கார் ஓட்டியாக இருந்ததால்தான் என்னை லோரியில் ஏற்றவில்லை என்பதும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தார். மலையில் உப்பு அறவே கிடைக்காத நாட்கள் அவை. உப்பில்லாமல் கிழங்கு தின்று தின்று சனங்களுக்குக் கை கால் ஓய்ந்துபோயிற்று. இவர் எங்கிருந்தோ, எந்தக் கையைக் காலைப் பிடித்தோ, மாதா மாதம் ஒரு மூட்டை உப்பு கொண்டுவருவார். லோரியில் போனவர்களின் வீடுகளுக்கு மட்டும். ஆபீஸ் ஆளிடம் கொடுத்தனுப்ப மாட்டார். தானே மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாக நடப்பார். ஜப்பான் சர்க்கார் ஒட்டச் சொல்லி அனுப்பிய நோட்டீஸ் தாள்களையே கூம்பாகச் சுருட்டி, ஒவ்வொரு வாசலிலும் அளந்து போட்டு, அளந்ததற்கு மேல் ஒரு பிடி போடுவார். ஒருநாள் மழையில் சறுக்கி விழுந்து முழங்கால் தோல் பெயர்ந்துவிட்டது. அப்படியும் மூட்டையை நனையவிடவில்லை. அப்போது அவரைத் தூக்கி நிறுத்திய எனக்கு அழுகை வந்தது. நாம் கோபப்பட்டிருக்கிற ஆள் மேலேயே இரக்கம் வருவதைப் போல எரிச்சல் வேறில்லை.

ஒவ்வொரு வாசலிலும் அதே கேள்வி. ஒவ்வொரு வாசலிலும் அதே பதில்.

"வராங்களாம் தங்கச்சி. வேல முடியப் போகுதாம்."

மூன்று மாதம் போயிற்று. அதைப் போல எத்தனையோ மூன்று மாதங்கள் போயின.

ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் திரும்பினான். முதலாளியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னார் என்று தெரியாது. விட்டுவிட்டார்கள். யாரும் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லவில்லை. உப்புத் தின்ற வீடுகள் எப்படிச் சொல்லும்? அவர் வந்து தூசி தட்டிக் கடையைத் திறந்தார். நான் பழையபடி லோரி ஏறினேன். டி.ஓ. முதலாளி மறுபடி வெறும் முதலாளியானார். டப்பாவைத் திறந்து எட்டிப் பார்ப்பது மட்டும் மாறவில்லை. ஆனால் 'மலையேறுதாம்டி' என்று கேலி பேச இப்போது யாரும் இல்லை. லோரி என்ற பேச்சு வந்தாலே பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

சயாமுக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டு, எலும்பும் தோலுமாக, ஒருவர் இருவராக வந்தார்கள். மச்சான் வரவில்லை. செய்தியும் வரவில்லை. அக்கா ஒவ்வொரு சம்பள நாளும் தோட்டத்திலிருந்து தானா ராத்தாவுக்கு நடந்து வருவாள். கடை வாசலில் நின்று கேட்பாள். அவர் எழுந்து நிற்பார்.

"வருவாரு தங்கச்சி. சயாம்லேர்ந்து இன்னும் ரயில் வந்துக்கிட்டுதான் இருக்கு."

அவள் போய்விடுவாள். ஆறு மாதம், ஒரு வருஷம், அதற்கு மேலும். கோயிலுக்குப் போனால் பூசாரி அவளுக்குக் குங்குமம் கொடுப்பதா வேண்டாமா என்று தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். கல்யாண வீட்டில் கூப்பிட்டால் ஒருத்தி முகம் சுளிப்பாள், கூப்பிடாவிட்டால் இன்னொருத்தி, புருஷன் இருக்கிறவளை ஏன் கூப்பிடவில்லை என்பாள். ராத்திரிச் சோற்றில் ஒரு பங்கு எடுத்து மூடி வைப்பாள். காலையில் அதையே தின்றுவிட்டு வேலைக்குப் போவாள். அவள் முகத்தில் துக்கமாவது இருந்திருக்கலாம். களைப்புத்தான் இருந்தது.

கடைசியாக அவள் வந்தது ஒரு தூறல் நாள். கியா பார்மிலிருந்து ஏற்றி வந்த முட்டைக்கோஸ் கூடைகளை நான் கடை ஓரமாக இறக்கிக்கொண்டிருந்தேன். அன்று சம்பள நாள் இல்லை. ஆகையால் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் வாசலில் நிற்காமல் உள்ளே வந்தாள். அவர் எழுந்தார்.

"வரு..."

"சொல்லாதீங்க முதலாளி" என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. "உங்ககிட்ட உப்பு வாங்கித் தின்னவ நான். உங்கமேல எனக்குக் கோவமில்ல. ஆனா முடியல. பொட்ட வைக்கவா அழிக்கவான்னு தெரியாம எந்திரிக்கிறேன் தெனமும். எனக்கு ஒரு வார்த்த வேணும். இந்த மலையில அதச் சொல்ல வேற யாருமில்ல. நீங்கதான் ஏத்திவுட்டீங்க. நீங்கதான் சொல்லணும்."

அவர் பழக்கத்தில் டப்பா இருந்த பக்கம் திரும்பினார். கை மூடிவரை போயிற்று. திறக்கவில்லை. அப்படியே நின்றார். முதுகு காட்டிக்கொண்டுதான் பேசினார்.

"ரிங்லெட்லேர்ந்து ஒரு ஆளு வந்தான் தங்கச்சி. ஒரு மழைக்காலம் ஆச்சு. அதே லோரில போனவன். அங்க அவருக்கு வாந்திபேதி வந்துச்சாம். ரெண்டே நாள்தானாம். அவன்தான் குழி தோண்டுனானாம். உன் மொகத்தப் பாக்க முடியாதுன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிட்டான்."

தூறல் தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. கூடையைக் கீழே வைக்க எனக்குத் தோன்றவில்லை. சுமந்துகொண்டே நின்றேன்.

அவர் திரும்பினார். கிழவனாகியிருந்தார். எப்போது ஆனார் என்று தெரியவில்லை.

"இல்ல தங்கச்சி" என்றார். "அவரு இல்ல."

அவ்வளவு வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அக்கா அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்தேன். அவள் அங்கே கிடந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள். ரொம்ப தூரம் சுமந்து வந்ததை இறக்கி வைத்தவள் மாதிரி மூச்சு விட்டாள். பிறகு முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். பொட்டு ஒரு பக்கமாக இழுபட்டது.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே முதலாளி" என்றாள்.

அவர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் எழுந்தாள். கருமாதிக்கு வேண்டியதை மனதுக்குள் எண்ணிப் பார்த்தவள் போலக் கேட்டாள்.

"எள்ளு இருக்கா?"

அவர் போய் டப்பாவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இருக்கு தங்கச்சி."

தாளை எடுத்தார். சுருட்டினார். கூம்பு நிற்கவில்லை, பிரிந்து போயிற்று. மறுபடி சுருட்டினார். மறுபடியும் பிரிந்தது. நான் கூடையை இறக்கிவிட்டுப் போய், தாளை அவர் கையிலிருந்து வாங்கிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் எள்ளை அள்ளிப் போட்டார். அளந்ததற்கு மேல் ஒரு பிடி போட்டார்.